எழுவாய்க்கேற்ற வினை: ஓர் இணையவழிப் பயிற்சியைப் பற்றி

ஆங்கிலத்தில் எழுவாய்க்கு ஏற்ப வினைச்சொல்லை அமைக்கும் முறையை மட்டுமே கற்பிக்கும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். காணொளிப் பாடங்களும், அவற்றின் இறுதியில் கணினியே திருத்தும் வினாக்களும் கொண்ட இந்தப் பயிற்சி, விதிகளைத் தெளிவாகச் சொல்கிறது; ஆனால் அவை நெகிழும் இடங்களை ஏனோ மறைத்துவிடுகிறது.

முதல் பாடம் நன்று. வந்தான், வந்தாள், வந்தன என்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் வினைமுற்றிலேயே காட்டிப் பழகிய நமக்கு, ஆங்கில வினை காட்டுவது சொற்பமே: பெரும்பாலான வினைகளுக்கு நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் ஓர் 'எஸ்' சேர்கிறது; இறந்தகாலத்தில் 'வாஸ்', 'வேர்' என்ற இணையைத் தவிர வேறுபாடே இல்லை; 'கேன்', 'மஸ்ட்' போன்ற துணைவினைகள் யாருக்காகவும் மாறுவதில்லை. இவ்வளவு எளிதானதில் ஏன் தடுமாறுகிறோம் என்பதற்கு, பெயரில் பன்மையைக் குறிக்கும் அதே 'எஸ்' வினையில் ஒருமையைக் குறிப்பதும் ஒரு காரணம் என்று ஆசிரியர் காட்டும் இடம் பாராட்டுக்குரியது.

பயிற்சியின் உயிர் மூன்றாம் பாடத்தில் இருக்கிறது. 'தி லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் இஸ் லாங்' என்ற தொடரில் எழுவாய் 'லிஸ்ட்' என்றாலும், வினைக்குப் பக்கத்தில் நிற்பது 'நேம்ஸ்' என்பதால் கை தானாகவே 'ஆர்' என்று எழுதிவிடுகிறது. தமிழில் 'பெயர்களின் பட்டியல்' என்று அடைமொழி முன்னே வந்து, தலைமைச் சொல் பின்னே நிற்பதால் இந்த மயக்கம் நமக்கு அரிது. இதை ஆசிரியர் சொல்லவில்லை, நானாகக் கண்டுகொண்டேன். இடையில் வரும் சொற்களை அடித்துவிட்டு எழுவாயையும் வினையையும் மட்டும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் பயிற்சி, 'அஸ் வெல் அஸ்', 'டுகெதர் வித்' என்று நீளும் தொடர்களிலும் கைகொடுக்கிறது. 'தி நம்பர் ஆஃப்' ஒருமை வினையையும் 'எ நம்பர் ஆஃப்' பன்மை வினையையும் ஏற்பது போன்றவை சுருக்கமாக, சரியாகவே சொல்லப்படுகின்றன.

குறை, திருத்தும் முறையில் இருக்கிறது. 'தி டீம் ஆர் ஆர்கியூயிங்' என்று எழுதினால் கணினி 'தவறு' என்கிறது, காரணமும் தருவதில்லை. குழுவை ஒன்றாகக் கருதாமல் அதன் உறுப்பினர்களைக் கருதும்போது பன்மை வினை இடுவது பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இயல்பான வழக்கு. ஒருமையை விரும்புவது அமெரிக்க வழக்கு. இரண்டில் எதைக் கற்பிக்கிறோம் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். 'ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ' என்று தொடங்கும் தொடரில் 'ஹூ' எதைச் சுட்டுகிறது, அதனால் வினை ஒருமையா பன்மையா என்ற கேள்வி, தேர்ந்த எழுத்தாளர்களையே தடுமாற வைப்பது. அதற்கு இங்கே இடமே இல்லை.

அடிப்படையில் தடுமாறுவோர் முதல் மூன்று பாடங்களுக்காகவே இதில் சேரலாம். ஓரளவு எழுதப் பழகியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். இறுதித் தேர்வில் மதிப்பெண்ணுக்காக 'தி டீம் இஸ்' என்று எழுதி முடித்தேன். என் கட்டுரைகளில் 'ஆர்' தேவைப்படும் இடத்தில் அது அப்படியேதான் இருக்கும்.