நெஞ்சு ஓட ஆரம்பித்தால்: பஸ்ஸா, ரயிலா, விமானமா?

எனக்கு இருப்பது எஸ்.வி.டி., திடீரென்று இதயம் மிக வேகமாக ஓடத் தொடங்கும் கோளாறு. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக ஒரு பாதை போதும். எனக்கு அந்த இடத்தில் ஒரு குறுக்குச் சந்தும் சேர்ந்திருக்கிறது. துடிப்பு எப்போதாவது அந்தச் சந்துக்குள் புகுந்து சுற்றிச் சுற்றி வரத் தொடங்கிவிடும். சுவிட்ச் போட்டது போல நிமிஷத்துக்கு 80-லிருந்து 180-க்குத் தாவும், அணைத்தது போல நிற்கும். பயத்தில் வரும் படபடப்பு அப்படியில்லை, அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இந்த வித்தியாசத்தைச் சொல்லி நம்பவைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை "டென்ஷன் ஆகாதீங்க மேடம்" என்பதுதான் வைத்தியம்.

ஆடிட் வேலையாக மாதம் இருமுறை சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் தனியாகப் போய்வருகிறேன். பஸ், இரவு ரயில், வந்தே பாரத், விமானம் எல்லாவற்றிலும் போய்ப் பார்த்தாயிற்று. எது வசதி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் கேள்வி வேறு: எதில் காலைத் தூக்க முடியும்?

சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. இந்த ஓட்டத்தை நிறுத்த மருந்தில்லாத வழி, மூச்சை அடக்கி முக்குவது. அது மூளையிலிருந்து வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டி, துடிப்பு சுற்றும் வட்டத்தை ஒரு கணம் அறுக்கும். 2015-இல் இங்கிலாந்தில் 428 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. சாய்ந்து உட்கார்ந்து 15 விநாடி முக்கியவர்களில் ஒரு நிமிஷத்தில் துடிப்பு சீரானது 17 சதவீதம் பேருக்கு. அதே அளவு முக்கிவிட்டு, உடனே மல்லாந்து படுத்து, காலை 45 டிகிரி தூக்கி 15 விநாடி வைத்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு. காலிலிருக்கும் ரத்தம் ஒரேயடியாக நெஞ்சுக்குத் திரும்பும்போது நரம்பு இன்னும் பலமாகத் தூண்டப்படுகிறது. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்க நர்ஸ் இருப்பார். தனியாகப் போகிறவளுக்கு யார் தூக்குவது? அங்கேதான் வண்டியின் அமைப்பு கணக்கில் வருகிறது.

முக்குவதற்கு என் கைப்பையில் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று இருக்கிறது, ஊசி இல்லாமல். முனையை வாயில் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு லேசாக அசையும் அளவுக்கு ஊத வேண்டும். புது சிரிஞ்சு இறுகிக்கிடக்கும், வீட்டிலேயே நாலுமுறை இழுத்துவிட்டுப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் பஸ். கிளாம்பாக்கத்தில் ஏறிய ஆம்னி பஸ், உட்காரும் சீட். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் கழுத்தில் தவளை துள்ளுவது போல அடித்தது. வாட்ச் 188 காட்டியது. சீட்டில் முக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. பஸ் பையன் வந்தான். "அக்கா, திருச்சியிலதான் நிக்கும்." இருபது நிமிஷத்தில் அதுவாகவே நின்றது. அப்புறம்தான் உண்மையான கஷ்டம். எஸ்.வி.டி. நின்றதும் சிறுநீர் முட்டிக்கொண்டு வரும். வேகமாக அடித்த இதயம் சுரந்த ஹார்மோன் செய்கிற வேலை அது. கழிவறை இல்லாத பஸ்ஸில், திருச்சி இன்னும் ஒன்றரை மணி நேரம். நெஞ்சு ஓடியதைவிட அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு மறக்கவில்லை.

ஆனாலும் பஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. நிலைமை முற்றினால் பஸ்ஸை ஓரங்கட்டி 108-க்கு அழைக்கலாம், வண்டி நேராக நம்மிடமே வரும். விருத்தாசலத்துக்கும் திருச்சிக்கும் நடுவே வயல்வெளியில் ஓடும் ரயிலுக்கு 108 எங்கே வந்து நிற்கும்? ஸ்லீப்பர் பஸ்ஸில் படுக்கவும் இடமுண்டு. ஆனால் கீழ்ப் படுக்கையில் தலைக்கு மேலே உடனே பலகை இருக்கிறது, கால் முட்டிக்கு மேல் போகாது.

மூன்றடுக்கு ஏசி ரயில் பெட்டியிலும் இதே சிக்கல்தான். நடுப்படுக்கையைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்காரவே முடியாது. இரண்டடுக்கு ஏசியில் நடுப்படுக்கை கிடையாது. தலையை நடைபாதைப் பக்கம் வைத்து, குதிகாலை ஜன்னல் ஓரச் சுவரில் ஏற்றிவிட்டால் போதும், நர்ஸ் தேவையில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் போன தையில் அப்படித்தான் செய்தேன். பையில் சாய்ந்து ஊதினேன், சரிந்தேன், காலை ஏற்றினேன். பன்னிரண்டு எண்ணும்போது நெஞ்சில் ஒரு பெரிய குதி, அப்புறம் நிசப்தம். எதிர்ப் படுக்கை ஆச்சி திரையை விலக்கி, "என்னம்மா பண்ணுது, தண்ணி குடிக்கியா?" என்றார். கழிவறை இருபதடி தூரத்தில்!

ரயிலில் நிற்காமல் தொடர்ந்தால் 139-க்கு அழைத்து பெட்டி எண், படுக்கை எண் சொன்னால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் டாக்டரை வரச் சொல்வார்கள், டிடிஇ-யிடமும் சொல்லலாம். சங்கிலியை இழுத்து நடுக்காட்டில் நிறுத்துவதால் யாருக்கும் லாபமில்லை.

வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், பகலில் ஓடுவதால் சுற்றி எல்லோரும் விழித்திருப்பார்கள். ஆனால் நாற்காலி. படுக்க வேண்டுமென்றால் கதவோரத் தரைதான்.

விமானத்தைப் பற்றித்தான் எனக்கு இரண்டு மனசு. தூத்துக்குடிக்கு ஒன்றரை மணி நேரம், ஆபத்து வர வாய்ப்புள்ள நேரமே குறைவு. பணிப்பெண்கள் முதலுதவி படித்தவர்கள், ஐஸ் இருந்தால் கேட்டு வாங்கலாம். ஐஸ் வைத்த பையை முகத்தில் அழுத்தி மூச்சை அடக்குவது இன்னொரு வழி. தண்ணீருக்குள் மூழ்கியதாக உடம்பு நினைத்துத் துடிப்பைக் குறைக்கும். சீட்டிலேயே செய்யலாம். ஆனால் காற்றழுத்தம் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பது போல, வறட்சி வேறு. நான் போனதெல்லாம் பக்கத்துக்கு இரண்டு சீட் உள்ள சின்ன விமானம், காலைத் தூக்க இடமில்லை. மேலே போனபின் இறங்குவதும் நம் கையில் இல்லை.

சொந்தக் காரைச் சேர்க்கவே இல்லை. தலை சுற்றினால் ஸ்டியரிங் நம் கையில் இருக்கக் கூடாது.

கழுத்து ரத்தக்குழாயை அழுத்தித் தேய்க்கும் வழி டாக்டர்களுக்கு மட்டும். குழாயில் கொழுப்புப் படிந்திருந்தால் பக்கவாதம் வரலாம். பையில் வைத்துக்கொள்ளும் மாத்திரை சிலருக்கு எழுதித் தருவார்கள். வேலைசெய்ய அரை மணிக்கு மேல் ஆகும், பிரஷரும் இறங்கலாம். அதனால் முதல் மாத்திரையைத் தனியாக ரயிலில் போட்டுப் பார்க்கக் கூடாது, டாக்டர் முன்னால்தான். இன்னொருவர் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. பிறவியிலேயே வேறு வகைக் குறுக்குப் பாதை உள்ள சிலருக்கு அதே மருந்து உயிருக்கே ஆபத்து.

நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத்திணறல் இதில் ஒன்று சேர்ந்தாலும், அரை மணி ஆகியும் நிற்காவிட்டாலும், வாழ்க்கையில் முதல்முறையாக வந்தாலும், சிரிஞ்சைத் தேட வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி. அங்கே அடினோசின் ஊசி போடுவார்கள். சில விநாடி உலகமே நின்றுபோன மாதிரி இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

ஓட்டம் நடக்கும்போதே ஈசிஜி எடுக்கும் வாட்ச் இருந்தால் 30 விநாடி பதிவு செய்யுங்கள். என் வாட்ச் "முடிவு தெரியவில்லை" என்றுதான் சொன்னது. டாக்டர் அந்தப் பதிவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக அந்தக் குறுக்குச் சந்தைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பலிக்குமாம். அதற்குத் தேதி வாங்கியிருக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு பயணம் பாக்கி. இரண்டடுக்கு, கீழ்ப்படுக்கை: ஒன்று உறுதி, இன்னொன்று காத்திருப்புப் பட்டியலில் 4.