பிரசவ வார்டில் காப்பர்-டி: போடுவதில் கெட்டி, கேட்பதில் சுணக்கம்

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் குழந்தை பிறந்த கையோடு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். காசு வாங்குவதில்லை. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய லாபம், இதற்கென்று இன்னொரு முறை வர வேண்டியதில்லை என்பது. "ஆறு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்று அனுப்பினால், ஒருநாள் கூலியை விட்டு, கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்து ஓ.பி. வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்? மாதவிடாய் திரும்பவில்லையே என்று இருந்துவிட, அதற்கு முன்பே அடுத்த கரு தங்கிவிடுகிறது.

அரசு விநியோகத்தில் இரண்டு வகை உண்டு. 380ஏ என்பது டி வடிவம், 10 வருடம் வேலை செய்யும். 375 என்பது வளைந்த கைகள் கொண்டது, 5 வருடம். இரண்டிலும் ஹார்மோன் கிடையாது. செம்புதான் விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது. ஆகவே பால் வற்றிவிடும் என்ற பயம் தேவையில்லை. எந்த வகை, எந்தத் தேதியில் போட்டது, எப்போது எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஐந்து வருடச் சாதனத்தைப் பத்து வருடம் என்று நம்பிவிடுவது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

நேரம்தான் இதில் முக்கியம். நஞ்சுக்கொடி வெளியே வந்து 10 நிமிடத்துக்குள் போடுவது சிறந்தது. தவறினால் 48 மணி நேரம் வரை போடலாம். அதையும் தாண்டினால் ஆறு வாரம் பொறுப்பதே வழக்கம். இடைப்பட்ட நாட்களில் கர்ப்பப்பை சுருங்கிக்கொண்டிருக்கும். இரவுப் பிரசவத்தில் பயிற்சி பெற்ற டாக்டரோ ஸ்டாஃப் நர்ஸோ டியூட்டியில் இல்லாமல் முதல் வாய்ப்பு போய்விடுவதுண்டு. அப்படியானால் காலை ரவுண்ட்ஸில் நாமே ஞாபகப்படுத்த வேண்டும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, உதிரப்போக்கு நிற்காமல் இருந்தாலோ போட மாட்டார்கள். அது சரியான மறுப்பு, வற்புறுத்தக் கூடாது.

போடும் முறை ஆறு வாரத்துக்குப் பிறகு போடுவதைப் போன்றதல்ல. அப்போதுதான் பிரசவித்த கர்ப்பப்பை தொப்புள் உயரத்துக்கு இருக்கும். பாக்கெட்டோடு வரும் மெல்லிய குழாய் அதன் உச்சிக்கு எட்டாது. நீளமான வளைந்த ஃபோர்செப்ஸில் (இடுக்கி) சாதனத்தைப் பிடித்து, மறு கையால் வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைத் தாங்கி, உச்சியில் முட்டும் வரை கொண்டுபோக வேண்டும். அங்கே ஃபோர்செப்ஸைத் திறந்து, பக்கவாட்டில் நகர்த்தி, பாதி திறந்தபடியே மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். அவசரத்தில் மூடி இழுத்தால் காப்பர்-டியும் கூடவே கீழே வந்துவிடும். சில நிமிட வேலைதான், மயக்க ஊசி தேவையில்லை. சிசேரியனில் தையலுக்கு முன் வெட்டிய வழியாகவே உச்சியில் வைத்துவிடுகிறார்கள். அதில் நழுவுவது குறைவு.

சுகப்பிரசவத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு என்ற அளவில் நழுவி விழலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு போடுவதோடு ஒப்பிட்டால் இது கூடுதல்தான். ஆனால் திரும்பி வராமல் போவோரின் எண்ணிக்கையை நினைத்தால், உடனே போடுவதே மேல் என்பது எங்கள் கருத்து. விழுந்ததைக் கவனிக்காமல் இருப்பதில்தான் ஆபத்து. ஆறாவது வாரம், குழந்தையின் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே பரிசோதனையையும் முடித்துவிடலாம். கர்ப்பப்பை சுருங்கச் சுருங்க, சாதனத்தின் நுனியில் கட்டிய நூல் கீழே இறங்கும். நீளமாக இருந்தால் வெட்டிவிடுவார்கள். நூல் தெரியவில்லை என்றால் விழுந்துவிட்டது என்றோ பத்திரமாக இருக்கிறது என்றோ முடிவுகட்டாமல் ஸ்கேன் கேளுங்கள். அதுவரை ஆணுறை பயன்படுத்த வேண்டும். தொடக்கத்தில் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை மாதவிடாய் கூடுதலாகப் போகலாம். இரத்தசோகை உள்ளவர்கள் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தாங்க முடியாத அடிவயிற்று வலி, நாள் தள்ளிப்போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே போய்க் காட்டுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை சம்மதம் கேட்கும் விதம். கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே விளக்கி, தாய் சேய் நல அட்டையில் குறித்து வைக்க வேண்டும் என்பதுதான் முறை. நடப்பில் பல இடங்களில் இடுப்பு வலியில் துடிக்கும்போது "போட்டுடலாமா?" என்று கேட்பதோடு சரி. கேட்காமலே போட்டுவிட்டார்கள் என்ற புகார்களும் இருக்கின்றன. வலியில் ஆட்டிய தலையைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அநியாயம். ஏழாம் மாதமே கிராம சுகாதார செவிலியரிடம் வேண்டும் அல்லது வேண்டாம் என்று சொல்லி அட்டையில் எழுத வையுங்கள். கணவர் கையெழுத்தோ மாமியார் ஒப்புதலோ தேவையில்லை.

எடுப்பதிலும் இழுத்தடிப்பு உண்டு. "இன்னும் ரெண்டு மாசம் பாரும்மா" என்று திருப்பி அனுப்புகிறார்கள். போடுவதற்கு ஊக்கத்தொகை, இலக்கு எல்லாம் உண்டு; எடுப்பதற்கு எதுவும் இல்லாததும் இதற்கு ஒரு காரணம். நூல் தெரிந்தால் எடுப்பது ஒரு நிமிட வேலை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முடியும். எடுத்த உடனே கரு தரிக்கலாம். எடுக்கச் சொல்வதற்குக் காரணம் கூட வேண்டியதில்லை, பிடிக்கவில்லை என்பதே போதும்.

காப்பர்-டி ஒத்துவராதவர்களுக்கு அரசில் வேறு வழிகளும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி இலவசம். பால் கொடுப்பவர்களுக்கு ஆறு வாரத்துக்குப் பிறகுதான். மேற்கையில் தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி இப்போதுதான் படிப்படியாக வருகிறது. உங்கள் மாவட்டத்தில் கிடைக்கிறதா என்று செவிலியரிடமோ 104 எண்ணிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.