விறகு ஸ்டவ்வுக்குக் காலா பெடஸ்டலா? கன குளிர்காலம் பாவிச்ச பிறகு சொல்லுறன்

கனடாவில ஸ்காபுரோ வீட்டை வித்துப்போட்டு லின்ட்சே எண்ட ஊர்ப் பக்கம் வாற ஒரு நண்பர் போன கிழமை போன் எடுத்தவர். "அண்ணை, ஸ்டவ் ஓடர் குடுக்கப்போறன், கால் வேணுமா பெடஸ்டல் வேணுமா எண்டு கடையில கேக்கினம், விலையும் பெரிசா வித்தியாசம் இல்லை, எதை எடுக்க?" எண்டு. போனில சொல்லி முடியேல்ல, அதால இஞ்ச எழுதுறன். எத்தினை சதுர அடிக்கு எந்த சைஸ், எந்த மரம் நல்லது எண்டதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விடுறன்.

என்னட்ட இருக்கிறது பெடஸ்டல், அதாவது காலுக்குப் பதிலா ஸ்டவ்வைத் தாங்கிற மூடின பெட்டி. மச்சாள் வீட்டில அதே மொடல், அதே ஃபயர்பொக்ஸ் (விறகு எரியிற அறை), ஆனா கால் வச்சது. சூட்டில ஒரு வித்தியாசமும் இல்லை, ரெண்டு வீட்டிலயும் இருந்து பாத்துத்தான் சொல்லுறன்.

பெடஸ்டலைப் பற்றி நல்லது சொல்லவேண்டியது கனக்க இருக்கு. அடி முழுக்க மூடின பெட்டி எண்டபடியா அதுக்குக் கீழ ஒண்டும் போய்ச் சேராது. மச்சாள் வீட்டில காலுக்கு இடையில விறகுப் பட்டை, சாம்பல், பூனை மயிர் எல்லாம் போய் ஒதுங்கும், தும்புத்தடி முன்னுக்கு மட்டும்தான் போகும், பின்னுக்கு இருக்கிற ப்ளோவர் (சூட்டை அறைக்குள்ள ஊதிவிடுற விசிறி) அதை எல்லாம் இழுத்து எடுக்கும். ஒருக்கா அந்த ப்ளோவரைக் கழட்டிப் பாத்தம், விசிறித் தகடு ஒவ்வொண்டிலயும் மயிரும் சாம்பலும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக்கிடந்தது, ஏன் அவ்வளவு நாளும் சத்தம் போட்டது எண்டு அப்பதான் விளங்கிச்சு. என்ர ப்ளோவர் இண்டைக்கும் சுத்தமா ஓடுது. அடுத்தது வெளிக்காத்துக் குழாய். எங்கட வீடு நல்லா இறுக்கி இன்சுலேட் பண்ணினது, குசினியில மீன் பொரிக்க எக்ஸோஸ்ட்டைப் போட்டா அது அடுப்புக்குள்ள இருந்து புகையை வீட்டுக்குள்ள இழுக்கப் பாக்கும், அதால ஸ்டவ்வுக்குத் தனிய வெளியில இருந்து காத்துக் குழாய் குடுக்கத்தான் வேணும். பெடஸ்டலில அந்தக் குழாய் பின்பக்கத்தால உள்ள போய் மறைஞ்சிடும். கால் எண்டா வெளியில தெரியும், சில மொடலுக்கு அடப்டரும் தனிய வாங்கவேணும்.

இவ்வளவும் உண்மை. ஆனா நான் பெடஸ்டல் எடுத்ததே அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற சாம்பல் டிராயருக்காகத்தான், எனக்குக் கோவம் வாறதும் அந்த டிராயரிலதான்.

அது எப்பிடி எண்டா, ஃபயர்பொக்ஸின்ர அடியில கல்லுகளுக்கு நடுவில ஒரு வார்ப்பிரும்பு மூடி இருக்கும். அதைக் கொக்கியால தூக்கிப்போட்டு சாம்பலை ஓட்டைக்குள்ள தள்ளவேணும். ஓட்டை உள்ளங்கை அளவுதான். சாம்பல் விழ முதல் தணல் விழும். பேந்து மூடியைத் திரும்ப வைக்கேக்க விளிம்பில ஒரு அரிசிமணி அளவு கரித்துண்டு மாட்டுப்பட்டாக் காணும், மூடி ஒரு பக்கம் தூக்கி நிக்கும், சுத்திவரச் சாம்பல் கிடக்கிறதால கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதுக்குப் பிறகு டிராயரைச் சுத்தி இருக்கிற கேஸ்கட் கயிறுதான் காத்தை மறிக்கவேணும், அதுவும் நைஞ்சு போச்சுதெண்டா காத்து அடியால ஏறி நேரா நெருப்புக்குள்ள போகும். காத்துக் கட்டுப்பாட்டை முழுக்க மூடினாலும் நெருப்பு அடங்காது, மேல வச்ச தெர்மொமீற்றர் ஏறிக்கொண்டே போகும். இது சும்மா எரிச்சல் இல்லை, ஸ்டவ்வையே வளைக்கக்கூடிய ஆபத்து.

2025 மார்ச் கடைசியில வந்த ஐஸ் புயலுக்க இஞ்ச பீற்றர்பரோ, ஒரிலியா, கவார்த்தா பக்கமெல்லாம் கரண்ட் இல்லை, எங்கட வீட்டைக் காப்பாத்தினது இந்த ஸ்டவ்தான், சோறு கறி எல்லாம் அதுக்கு மேலதான். இரவு பகலா எரிச்சா சாம்பல் எவ்வளவு சேரும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. டிராயர் உதவவேண்டிய நேரமே அதுதான். ஆனா அடுப்புச் சூடா இருக்கேக்க மூடியைத் தொடேலாது, தணலுக்குள்ள கொக்கியை விட்டுத் தேடேலாது, டிராயரைத் திறந்து வச்சு எரிக்கவும் கூடாது. கடைசியில முன்கதவைத் திறந்து அகப்பையால அள்ளி மூடி போட்ட இரும்பு வாளிக்குள்ள போட்டு வெளியில வச்சம். கால் வச்ச ஆக்களும் அதைத்தான் செய்யினம்.

போன மாசம் டிராயர் கேஸ்கட் மாத்தேக்க வாங்கின கடையில கேட்டன். "கனபேர் அந்த டிராயரைப் பாவிக்கிறேல்ல, மூடிக்கு மேல சாம்பலை நிரப்பி அப்பிடியே விட்டுடுங்கோ" எண்டினம். விக்கேக்க இதைச் சொல்லியிருக்கலாம்தானே? அதுபோக டிராயருக்குப் பின்னால வழிஞ்ச சாம்பல் பெடஸ்டலுக்குள்ள குவிஞ்சு கிடக்கு, டிராயரை முழுக்க வெளியில எடுத்துப்போட்டு கையைத் தோள்மட்டும் விட்டுத்தான் துடைக்கவேணும். வெளியில தூசி இல்லை, உள்ளுக்க சாம்பல்.

பிறகு மாத்தலாம் எண்டு நினைச்சு எடுக்காதேங்கோ. 400 இறாத்தல் சாமான், புகைக்குழாயைக் கழட்டி, ஸ்டவ்வைச் சரிச்சுத்தான் கால் பூட்டவேணும், உயரம் மாறினா குழாயும் மாறும், இன்சூரன்ஸுக்குத் திரும்பவும் வெட் (WETT) இன்ஸ்பெக்ஷன், அதாவது விறகு ஸ்டவ்வுக்கான பாதுகாப்புப் பரிசோதனை, கேட்டாலும் கேப்பினம். ஸ்டவ்வுக்கு அடியில போடுற நெருப்புப் பிடிக்காத பலகை ஸ்டவ் கதவுக்கு முன்னால 18 அங்குலம், மற்றப் பக்கங்களில 8 அங்குலம் நீட்டி நிக்கவேணும், அது ரெண்டுக்கும் ஒண்டுதான், ஆனா பலகை எவ்வளவு சூடு தாங்கவேணும் எண்டதைக் காலுக்குத் தனிய, பெடஸ்டலுக்குத் தனிய மனுவலில பாருங்கோ.

தூசியும் குழாயும் பாத்தா பெடஸ்டல்தான் திறம், அதை நான் மறுக்கேல்ல. எண்டாலும் தம்பி, நீர் கால் எடும். ஓடர் குடுக்கேக்கயே வெளிக்காத்து அடப்டரையும் சேர்த்து எழுதச் சொல்லும், ப்ளோவரைப் பனிக்கு முதல் ஒவ்வொரு வருசமும் கழட்டித் துடையும்.