தேங்காய் உடைக்கிற தெருவில் கிம்பல் எதற்கு?

பினாங்கில் கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். இந்தத் தொழிலில் பதினாறு வருடம். நிச்சயதார்த்தம், தாலி, வளைகாப்பு, நடுவில் கோயில் திருவிழா என்று எதுவாக இருந்தாலும் கேமரா பெரும்பாலும் கையில்தான். டிரைபாட் வைக்க இடம் விடுகிற சித்தப்பாவை நான் இன்னும் பார்க்கவில்லை.

புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணே, எந்தக் கிம்பல் வாங்கலாம்?" கிம்பல் என்றால் கேமராவை ஆடாமல் பிடிக்கிற, மோட்டார் வைத்த கைப்பிடி. நான் பதிலுக்கு "லென்ஸ் என்ன வெச்சிருக்க?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். கிம்பல் வாங்கினால் படத்தின் ஆட்டம் போய்விடும், லென்ஸ் எதுவாக இருந்தால் என்ன என்று நினைப்பு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது என்னிடம் இருக்கும் பாடி, அதாவது லென்ஸ் மாட்டாத கேமரா, சோனி ஏ6700. 2023-இல் வந்தது, பேட்டரி, கார்டு சேர்த்து 493 கிராம், உள்ளேயே ஸ்டெபிலைசேஷன், அதாவது கை ஆட்டத்தைக் குறைக்கிற வசதி, உண்டு. அதோடு நான் புழங்குகிற இரண்டு லென்ஸையும் ஒரு கிம்பலையும் பற்றித்தான் எழுதுகிறேன். மூன்றும் என் காசில் வாங்கியவை. யாரும் ஓசியில் கொடுக்கவில்லை, கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லப் போவதும் இல்லை.

முதலில் சோனி 10-20 எஃப் 4 பவர் ஜூம். 10, 20 எல்லாம் லென்ஸின் மில்லிமீட்டர் கணக்கு: எண் குறைந்தால் காட்சி அகலமாகும், கூடினால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும். 178 கிராம்தான். பையில் போட்டோமா இல்லையா என்று ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஜூம் செய்தாலும் குழாய் வெளியே நீளாது, எல்லா அசைவும் உள்ளேயே நடக்கும். லென்ஸில் தனியாக ஸ்டெபிலைசேஷன் கிடையாது, ஆனால் அகல லென்ஸுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கை ஆடுகிற அளவு ஒன்றுதான். 70-இல் அந்த ஆட்டம் திரையில் எவ்வளவு தெரியுமோ, 10-இல் அதில் ஏழில் ஒரு பங்குதான் தெரியும். கையில் பிடித்து நடந்து எடுக்கிறவனுக்கு இதைவிட மலிவான ஸ்டெபிலைசர் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. எஃப் எண் கூடினால் உள்ளே வருகிற வெளிச்சம் குறையும், இது எஃப் 4 என்பதால் கர்ப்பக்கிரகத்துப் பக்கம் போனால் இருட்டு. ஓரத்தில் நிற்கிறவர்கள் இழுபட்டுத் தெரிவார்கள். பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அத்தையை ஃபிரேமின் மூலையில் வைத்துவிட்டேன். வீடியோ கைக்குப் போன அன்றே போன் வந்தது: "ஏன் தம்பி, என் கை இவ்வளவு பெரிசாவா இருக்கு?" அன்றிலிருந்து அத்தைகளுக்கு நடுவிடம்தான்.

இன்னொரு விஷயம், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஏ6700-இல் ஆட்டத்தை இன்னும் கூடுதலாகக் குறைக்கிற ஆக்டிவ் மோடு போட்டால் படத்தின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், ஆட்டம் நன்றாகவே குறையும். ஆனால் ராத்திரியில் ஷட்டரை 1/50 வினாடியில் வைத்து நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் படம் ஒரு கணம் மங்கித் தெளியும். ஆட்டத்தைத்தான் அது திருத்துகிறது. அந்த ஆட்டம் ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட மங்கலைத் திருத்த முடியாது. நான் அந்த மாதிரி இடத்தில் 1/100 வைக்கிறேன். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 இரண்டுமே விளக்கோடு சண்டை போடாது. 1/60 வைத்துவிட்டுப் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறதே, கேமரா பழுதா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு.

அடுத்தது டாம்ரான் 17-70 எஃப் 2.8. 525 கிராம், அதாவது பாடியைவிடக் கனம். முன்பக்கம் இழுக்கும். ஆனால் லென்ஸுக்குள் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, அது பாடியோடு சேர்ந்து வேலை செய்கிறது. லென்ஸில் அதற்குத் தனி சுவிட்ச் கிடையாது, கேமரா மெனுவில் போய்த்தான் அணைக்க வேண்டும்.

இதன் அருமை தெரிவது தாலி கட்டும் நேரத்தில். கெட்டிமேளம் என்ற குரல் வந்ததும் முன்வரிசை முழுக்க எழுந்து போனைத் தூக்கும். பக்கத்தில் போக முடியாது. நான் பின்னால் ஒதுங்கி, கழுத்து வாரை இறுக்கி இழுத்து, முழங்கைகளை விலாவில் ஒட்டி, கண்ணை வியூஃபைண்டரில் அழுத்தி 70-இல் நிற்பேன். மூன்று முடிச்சு விழுகிற வரை மூச்சு விடுவதில்லை. இரண்டு முழுக்கைச் சட்டைகளுக்கு நடுவே ஒரு கைப்பிடி இடைவெளி. அதற்குள்ளே மஞ்சள் கயிறும் மாப்பிள்ளையின் நடுங்குகிற விரலும். மாப்பிள்ளை விரல் நடுங்கலாம், படம் நடுங்கக் கூடாது. இந்த லென்ஸில் நடுங்குவதில்லை. இதை வைத்துக்கொண்டு நடந்தால் வேறு கதை. 17-இல்கூட அடி அடியாகத் தெரியும்.

இனி கிம்பல். டிஜேஐ ஆர்எஸ் 3 மினி. தன் எடை 795 கிராம், இரண்டு கிலோ வரை தாங்கும். கேமராவும் 10-20-உம் சேர்த்தால் கையில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. டாம்ரான் போட்டால் 1.8 கிலோ. சந்தையில் ஒரு கோழி வாங்கி, பையில் போடாமல் அரை மணி நேரம் நீட்டிய கையில் பிடித்துப் பாருங்கள், புரியும். டாம்ரானில் இன்னொரு தொல்லை, ஜூம் செய்தால் குழாய் நீண்டு எடை முன்னால் போகும், பேலன்ஸ் கெடும். 10-20-இல் அந்தப் பிரச்சினையே வராது. ஒரு தடவை பேலன்ஸ் செய்தால் நாள் முழுக்க அப்படியே.

கிம்பல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். மூன்று மோட்டார், மூன்று பக்கத் திருப்பம்: மேலே கீழே தலையாட்டுவது, இடம் வலம் திரும்புவது, சாய்வது. இவற்றைப் பிடித்து நிறுத்தும். நாம் நடக்கும்போது உடம்பே ஏறி இறங்குகிறதே, அதற்கு மோட்டார் கிடையாது. முழங்காலை மடக்கி, குதிகால் முதலில் ஊன்றி, நிறைகுடம் சுமக்கிற மாதிரி நடந்தால்தான் அது போகும். அந்த நான்காவது மோட்டார் நம் முழங்கால்தான். என்னுடையதற்கு வாரண்டி முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது.

மண்டப வாசலில் இருந்து பெண் மேடை வரைக்கும் நடந்து வருகிற காட்சிக்கு இந்தக் கிம்பலுக்கு நிகர் இல்லை. கேமராவைச் செங்குத்தாகவும் மாட்டலாம், ரீல்ஸ் கேட்கிறவர்களுக்கு வசதி. பேட்டரி பிடிக்குள்ளேயே இருக்கிறது, கழற்றி மாற்ற முடியாது, ஆனால் ஒரு கல்யாணத்துக்குள் தீர்ந்து நான் பார்த்ததில்லை.

தைப்பூசத்துக்கு மட்டும் அதை எடுத்துப் போவதில்லை. காரணம் தேங்காய்.

ரதம் வருகிற நாளில் பினாங்குச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வழியெங்கும் குவியல் குவியலாகத் தேங்காய். ரதம் நெருங்க நெருங்க உடைப்பார்கள். சில வருடங்களுக்கு முன், அப்போது வேறொரு பழைய கிம்பல் வைத்திருந்தேன், நல்ல ஷாட் கிடைக்கட்டும் என்று டத்தோ கிராமாட் சாலையில் ஒரு குவியலுக்குப் பக்கத்திலேயே குனிந்து நின்றேன். முகம், சட்டை, கேமரா எல்லாம் தேங்காய்த் தண்ணீர். துடைத்துவிட்டுத் தொடர்ந்து எடுத்தேன். மறுநாள் காலையில் மோட்டாரைத் திருப்பினால் பிசுபிசுவென்று ஒட்டி, அரிசி மாவை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். தவறு முழுக்க என்னுடையது. தண்ணீர் புகக் கூடாத சாமானைத் தண்ணீருக்குள் நீட்டினேன்.

அதனால் 2025 தைப்பூசத்துக்கு, பிப்ரவரி 11 அன்று, முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைக்குப் போனபோது பாடியும் 10-20-உம் மட்டும்தான். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். காவடிக்கு முன்னால் பின்பக்கமாக ஏற வேண்டும். உதவிக்கு வந்த தம்பி என் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "படி அண்ணே... படி... இப்ப திருப்பம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். உறுமி அடிக்க அடிக்கக் காவடியும் ஆடுகிறது, என் கையும் கொஞ்சம் ஆடத்தான் செய்தது. வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஆடுகிற காவடியைக் கிம்பலில் வழவழவென்று எடுத்த என் பழைய வீடியோவைவிட இதில்தான் உறுமி கேட்கிற மாதிரி இருந்தது.

என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி, வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 10-20-க்கு 62 மில்லிமீட்டர் விட்டம், டாம்ரானுக்கு 67. நான் 67-இல் ஒன்றே ஒன்று வாங்கி, சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டர் மாட்ட உதவுகிற ஒரு ஸ்டெப்-அப் வளையம் போட்டிருக்கிறேன். காசு மிச்சம். திருப்பித் திருப்பி இருட்டைக் கூட்டிக் குறைக்கிற என்டியை 10-இல் வைத்து ரொம்ப இருட்டாக்கினால் வானத்தில் பெருக்கல் குறி மாதிரிக் கறுப்பு விழும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லென்ஸில் ஒன்றுதான் முடியும் என்றால் கல்யாணக்காரர்கள் டாம்ரானையும், தெருவிலும் கோயிலிலும் எடுக்கிறவர்கள் 10-20-ஐயும் வாங்கலாம். கிம்பலை முதல் ஆறு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். என்னுடையது இந்த மாதம் முழுக்கக் காரின் பின்னால்தான் கிடந்தது. அடுத்த வாரம் பிறை ஊரில் ஒரு வரவேற்பு, வாசலிலிருந்து மேடைக்கு நல்ல நீளமாம். சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.