சைட்ட புதுசாக்கி கூகுள்ல மேல கொண்டு வர்றோம்னு வர்றவங்கள நம்பி குடுக்கிறதுக்கு முன்ன இத படிங்க

மலையகத்துல ஹோம்ஸ்டே நடத்துறவங்க, தேயிலை பாக்கெட் போட்டு விக்கிறவங்க, த்ரீவீல்ல டூர் கூட்டிட்டு போறவங்க, சொந்தமா ஒரு வெப்சைட் வச்சிருக்கிற யாரா இருந்தாலும் தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க. கொழும்புல இருந்து ஒரு கம்பெனி இப்ப எல்ல, பண்டாரவளை, நுவரெலியா பக்கமெல்லாம் வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டுக்கிட்டு இருக்கு, உங்க சைட்ட புதுசாக்கி எஸ்இஓ (கூகுள் தேடல்ல மேல வர வைக்கிற வேலை) பண்ணி தர்றோம், மூணு மாசத்துல கூகுள் முதல் பக்கம், கேரண்டின்னு. பேர் போடல, முறைப்பாடு குடுத்திருக்கிறதால இப்ப வேணாம்னு லோயர் சொல்லியிருக்காரு. ஆனா அவங்க என்ன செஞ்சாங்கங்கிறத முழுசா சொல்றேன், நாளைக்கு வேற பேர்ல வந்தாலும் வேலைய வச்சு ஆள கண்டுபிடிச்சிரலாம்.

எங்களுக்கு அப்புத்தளையில சின்ன ஹோம்ஸ்டே, நாலு ரூம். புக்கிங் ஆப் வழியா வந்தா ஒவ்வொரு தடவையும் கொமிஷன் போயிரும், அதனால சொந்த சைட் தான் எங்களுக்கு எல்லாம். அந்த சைட்டுக்கு ஆள் வந்தது ரூம் படத்த பாத்து இல்ல, என் தங்கச்சி எழுதி வச்சிருந்த கட்டுரைகளால. லிப்டன் சீட்டுக்கு தம்பேதன்ன ஃபெக்டரி வரைக்கும் பஸ்ல போயி அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் ஏறணும், பனி மூடுறதுக்குள்ள விடியக்காலையிலயே மேல இருக்கணும், கண்டியில இருந்து பதுளை ரயில்ல வர்றவங்க டிக்கெட்ட எப்படி எடுக்கிறது, சின்னப் பிள்ளைங்களோட வந்தா எந்த வழில நடக்கலாம், இப்படி இங்கிலீஷ்லயும் தமிழ்லயும் ஒவ்வொண்ணா நடந்து பாத்து எழுதினது. தமிழ்ல எழுதினத படிச்சிட்டு தமிழ்நாட்டுல இருந்தும் கனடாவுல இருந்தும் குடும்பமா வருவாங்க, வாசல்ல இறங்கின உடனே "கட்டுரை எழுதின பிள்ளை யாரு"ன்னு தான் கேப்பாங்க. வெளிநாட்டு ப்ளாக்காரங்க நிறைய பேர் அந்த பக்கங்களுக்கு லிங்க் குடுத்திருந்தாங்க. வருஷக்கணக்கா சேர்ந்த பேர் அது.

கம்பெனிக்காரங்க கேட்டது 120,000 ரூபா, பாதி அட்வான்ஸ். பழைய ஹோஸ்டிங் (சைட்ட வச்சிருக்கிற சேர்வர் இடம்) ஸ்லோ, எங்க சேர்வருக்கு மாத்திர்றோம்னாங்க. புது டிசைன் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பெரிய பெரிய படம், வாட்ஸ்அப் பட்டன் எல்லாம் வச்சு. மீதி காசையும் வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் ஜனவரி வந்துச்சு, எங்க பக்கம் வெள்ளைக்காரங்க வர்ற சீசன், ஃபோன் அடிக்கவே இல்ல. ரோட்டுல ஆள் போறது தெரியுது, பக்கத்து கெஸ்ட் ஹவுஸ் நிறைஞ்சு கிடக்கு, எங்க வீட்டுல மட்டும் மெத்தை விரிச்சபடி கிடக்குது. கேட்டதுக்கு "அண்ணே கூகுள் அப்டேட் வந்திருக்கு, எல்லாருக்கும் அடி, ரெகவரி பேக்கேஜ் ஒண்ணு இருக்கு மாசம் 25,000"ன்னான் அந்த பையன்.

இந்த கூகுள் அப்டேட்ங்கிற பேச்ச யார் சொன்னாலும் அப்படியே ஏத்துக்காதீங்க. கூகுள் பெரிய அப்டேட் விட்டா அத ஒளிச்சு செய்றதில்ல, சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்ட்னு ஒரு பக்கத்துல எப்ப ஆரம்பிச்சுச்சு எப்ப முடிஞ்சுச்சுன்னு தேதியோட போடுவாங்க. 2024 மார்ச்ல விட்டது 45 நாள் ஓடினது வரைக்கும் அதுல இருக்கு. உங்க சைட் விழுந்த தேதிய அதோட ஒப்பிட்டு பாருங்க. எங்களுது விழுந்தது புது டிசைன் ஏத்தின அதே வாரம், அந்த வாரத்துல அப்டேட் எதுவுமே இல்ல.

பண்டாரவளையில எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் நெட்வொர்க் வேலை பாக்கிறவன், அவன் தான் உக்காந்து எல்லாத்தையும் தோண்டி எடுத்தான். மொத விஷயம், டிசைன மட்டும் மாத்தல, ஏறக்குறைய எல்லா பக்கத்தோட அட்ரஸையும் மாத்தியிருக்காங்க. அட்ரஸ் மாத்துறது தப்பில்ல, ஆனா மாத்தினா பழைய அட்ரஸ்ல இருந்து அதே விஷயம் இருக்கிற புது அட்ரஸுக்கு ஒவ்வொண்ணா 301 ரீடைரக்ட் போடணும். ரீடைரக்ட்னா ஒரு அட்ரஸுக்கு வர்றவர தானா இன்னொரு அட்ரஸுக்கு திருப்பி விடுறது. 301ன்னா நிரந்தரமா இங்க வந்துட்டோம்னு கூகுளுக்கு சொல்றது, 302ன்னா தற்காலிகமா போயிருக்கோம்னு சொல்றது. இவங்க என்ன செஞ்சாங்கன்னா ஒரு ப்ளகின (சைட்ல சேர்க்கிற சின்ன ப்ரோக்ராம்) போட்டு, காணாம போன பக்கம் எதுவா இருந்தாலும் ஹோம் பேஜுக்கு அனுப்பிருன்னு விட்டுட்டாங்க. லயத்துல ஒவ்வொரு வீட்டுக்கும் வர்ற கடிதத்த மொத்தமா தோட்டத்து ஒபிஸ்ல கொட்டிட்டு போறாங்களே, அதே கதை தான். லிங்க்க அமுக்கினவருக்கு அந்த கட்டுரை வேணும், கிடைக்கிறது எங்க வீட்டு முகப்பு படம், உடனே திரும்பி போயிருவாரு. கூகுளும் இத ஒத்துக்கிறதில்ல, சம்பந்தமில்லாம மொத்தத்தையும் ஹோம் பேஜுக்கு திருப்பினா அத சாஃப்ட் 404ன்னு எடுத்துக்கும், அதாவது பக்கமே இல்லாத கணக்கு. அந்த பக்கத்துக்கு மத்தவங்க குடுத்த லிங்க்கோட மதிப்பு அதோட போச்சு.

ரெகவரி பேக்கேஜுக்கு ஒரு மாச காச கட்டினோம். அப்ப அந்த ப்ளகின நிப்பாட்டிட்டு ஒரு ரீடைரக்ட் லிஸ்ட் போட்டதா ஷீட் அனுப்பினாங்க. இங்கிலீஷ் பக்கம் எல்லாம் 302. அதுவும் நேரா போகல, ஒண்ணுல இருந்து இன்னொண்ணு, அதுல இருந்து இன்னொண்ணுன்னு சங்கிலியா. பக்கங்கள படிக்க கூகுள் அனுப்புற ரோபோ 10 தாவல் வரைக்கும் தான் பின்னால போகும், அது எல்லைங்கிறதுக்காக தாவ விடக்கூடாது, நேரா கடைசி அட்ரஸுக்கே அனுப்பணும்னு கூகுளே எழுதி வச்சிருக்கு. தமிழ் பக்கங்களோ ஒண்ணு கூட வேலை செய்யல, எல்லாம் 404.

இந்த தமிழ் விஷயத்த தமிழ்ல சைட் வச்சிருக்கிறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும், இத பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல. அட்ரஸ்ல தமிழ் எழுத்து இருந்தா நமக்கு தமிழாத்தான் தெரியும், ஆனா உள்ளுக்கு அது பெர்சென்ட் குறியும் எழுத்தும் நம்பருமா மாறி நிக்கும். எழுத்து ஒவ்வொண்ணும் மூணு பைட், புள்ளியும் கொம்பும் காலும் கூட தனித்தனி எழுத்து கணக்கு தான், பெர்சென்ட் குறியோட எழுதினா ஒண்ணுக்கு 9 இடம் ஓடிரும். வேர்ட்பிரஸ்ல (நிறைய பேர் சைட் கட்டுற மென்பொருள்) தலைப்புல இருந்து வர்ற அட்ரஸ் துண்டுக்கு 200 இடம் தான், அதனால தமிழ் தலைப்பு 22 எழுத்து சுமாருக்கு மேல போனா வெட்டுப்படும். பழைய அட்ரஸ் எங்க வெட்டுப்பட்டிருக்குன்னு பாக்காம தலைப்ப வச்சு ரீடைரக்ட் எழுதினா சேராது. அதுக்கு மேல, அப்பாச்சி சேர்வர் வர்ற அட்ரஸ திரும்ப சாதாரண எழுத்தாக்கிட்டு தான் ரூலோட ஒப்பிடும், இவங்க ப்ரவுசர்ல இருந்து கொப்பி பண்ணின பெர்சென்ட் வரிசைய அப்படியே ஒட்டியிருக்காங்க, ஒட்டிட்டு ஒரு லிங்க்க கூட அமுக்கி பாக்கல. அமுக்கியிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். என் தங்கச்சி குளிர்ல நடந்து எழுதினதுக்கு அவங்க குடுத்த மரியாதை அவ்வளவுதான்.

இது வரைக்கும் வேலை தெரியாம கெடுத்தாங்கன்னு விட்டிருப்பேன். அடுத்தது களவு.

மூணு பக்கத்தோட அட்ரஸ மட்டும் அவங்க மாத்தவே இல்ல, லிப்டன் சீட், கண்டி ரயில், இன்னொண்ணு குடும்பமா நடக்கிற வழி. மூணும் எங்களுக்கு அதிகமா ஆள் கொண்டு வந்த பக்கங்கள். தம்பி சர்ச் கொன்சோல (கூகுள்ல நம்ம லிங்க்க எத்தனை பேர் அமுக்கினாங்கன்னு காட்டுற கூகுள் கருவி) திறந்து பாத்தப்ப அந்த மூணுக்கும் க்ளிக் குறையவே இல்ல, முன்ன மாதிரியே ஆளுங்க கூகுள்ல அமுக்குறாங்க. ஆனா சைட்டுக்குள்ள வந்தவங்கள எண்ணுற அனலிடிக்ஸ்ல பாத்தா அந்த பக்கத்துக்கு ஆள் வந்ததா பதிவு ஏறக்குறைய இல்ல. அமுக்கினவங்க எங்க போனாங்க? அவன் லெப்டொப்ல அட்ரஸ டைப் பண்ணி பாத்தான், பக்கம் நல்லா வருது. நானும் தினமும் அப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், எந்த குறையும் தெரியல. பிறகு அவன் ஃபோன எடுத்து, கூகுள்ல தேடி, எங்க லிங்க்க அமுக்கினான். திறந்தது எங்க சைட் இல்ல, அந்த கம்பெனியே நடத்துற ஒரு டூர் புக்கிங் சைட். எங்க பக்கத்து படத்தையே போட்டு, லிப்டன் சீட் டூர், ரூம், வேன், எல்லாத்துக்கும் விலையோட.

சேர்வர்ல எச்டிஅக்சஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல எழுதி வச்சிருக்காங்க, ஆள் ஃபோன்ல இருந்து வர்றாரா, கூகுள்ல இருந்து வர்றாரா, ரெண்டும் ஆமான்னா அவங்களோட டூர் சைட்டுக்கு 301ல அனுப்புன்னு. கம்ப்யூட்டர்ல பாக்கிற ஓனருக்கு தெரியாது. கூகுள் ரோபோ பொதுவா எங்க இருந்து வர்றேன்னு ரெஃபரர் சொல்றதில்ல, அதனால அதுக்கும் தெரியாது, எங்க பக்கம் நல்லா இருக்குன்னு நினைச்சு மேலயே வச்சிருக்கும். எங்க பேர்ல கூகுள் அனுப்புற ஆள நடுவழில வேன் ஏத்திட்டு போயிட்டாங்க. கூகுளோட ஸ்பேம் விதியில இதுக்கு ஸ்னீக்கி ரீடைரக்ட்னு தனியா இடமே இருக்கு, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் ஃபோன்ல வேற சைட்டும் காட்டுறத உதாரணமாவே சொல்லியிருக்காங்க. பிடிபட்டா தண்டனை யாருக்கு? களவெடுத்தவனுக்கு இல்ல, எங்க டொமைனுக்கு. அத நினைச்சா தான் இன்னும் கொதிக்குது.

கேட்டதுக்கு மொதல்ல ஹேக் ஆகியிருக்கும்னாங்க. ஸ்கிரீன்ஷொட் அனுப்பினதும் "அது பார்ட்னர் ட்ராஃபிக் ஷேரிங் அண்ணே, பேக்கேஜ்ல இருக்கு"ன்னாங்க. எங்க கையில இருக்கிற கொட்டேஷன்ல அப்படி ஒரு வரி கிடையாது. எல்லயில ஒரு அக்காவோட கெஸ்ட் ஹவுஸ் சைட்டையும் இதே கம்பெனி தான் செஞ்சது, ஃபோன்ல அமுக்கி பாருங்கக்கான்னு சொன்னோம், அதே டூர் சைட் தான் திறந்துச்சு. அவங்க இவ்வளவு நாளும் தன்னோட விலை கூடிப்போச்சு, அதான் ஆள் வரலன்னு நினைச்சு விலைய குறைச்சுக்கிட்டே போயிருக்காங்க.

எங்கள காப்பாத்தினது டொமைன் (சைட்டோட பேர்) என் பேர்ல, என் ஈமெயில்ல இருந்தது தான். ஹோஸ்டிங் அவங்க கையில இருந்தாலும் டொமைன் நம்ம கையில இருந்தா, அது எந்த ஹோஸ்டிங்குக்கு போகணும்னு சொல்ற நேம்சேர்வர மாத்தி வேற ஹோஸ்டிங்குக்கு போயிரலாம், அவங்கள கேக்க வேண்டியதில்ல. எல்ல அக்காவுக்கு டொமைனும் அவங்க பேர்ல தான் எடுத்திருக்காங்க, இன்னும் இழுபறி. தம்பி பழைய பேக்கப்ப ஏத்தி, பழைய அட்ரஸையே திரும்ப உயிர்ப்பிச்சு, இடையில வந்த புது அட்ரஸ்கள எல்லாம் ஒவ்வொண்ணா 301ல பழசுக்கு திருப்பினான். பேக்கப்ல இல்லாத பக்கத்தோட அட்ரஸ, பழைய வெப் பக்கங்கள சேத்து வைக்கிற வேபேக் மெஷின்ல இருந்து எடுத்தோம். சர்ச் கொன்சோல் 16 மாச கணக்கு வச்சிருக்கும், அதுல இருந்தும் பழைய அட்ரஸ் எல்லாம் எடுக்கலாம். அவங்கள சர்ச் கொன்சோல்ல ஓனரா சேத்திருந்தத நீக்கினோம், பேர நீக்கினா மட்டும் போதாது, அவங்க வெரிஃபை பண்ண வச்ச ஃபைலையோ டேக்கையோ சைட்ல இருந்து எடுக்கணும், இல்லன்னா திரும்ப உள்ள வந்துருவாங்க.

ஃபோன்ல வர்றவங்கள திருப்பி விட்ட அந்த ரூல எடுத்த பிறகும் ஒரு தொல்லை இருக்கு. 301 நிரந்தரம்ங்கிறதால ப்ரவுசர் அத ஞாபகம் வச்சுக்கும். ஒரு தடவ அந்த டூர் சைட்டுக்கு போன ஃபோன், நாங்க சரி பண்ணின பிறகும் நேரா அங்கயே போகும், கேஷ் அழிக்கிற வரைக்கும். எங்க பழைய விருந்தாளி ஒருத்தர் சென்னையில இருந்து "உங்க லிங்க் வேற எங்கயோ போகுதே"ன்னு மெசேஜ் போட்டப்ப தான் அது புரிஞ்சுச்சு. அந்த மாதிரி எத்தனை ஃபோன் இருக்கோ.

உங்க சைட்ட இன்னைக்கே இப்படி பாருங்க. ஃபோன்ல வைஃபை அணைச்சிட்டு டேட்டாவுல, இன்கொக்னிட்டோல, கூகுள்ல தேடி உங்க லிங்க்க அமுக்குங்க, ஹோம் பேஜ் மட்டும் இல்ல, உள்ள இருக்கிற நல்ல பக்கங்களையும். நீங்க முன்ன ஃபேஸ்புக்ல பகிர்ந்த பழைய லிங்க்க அமுக்கி பாருங்க, அதே விஷயம் இருக்கிற பக்கத்துல நிக்குதா, ஹோம் பேஜுக்கு ஓடுதான்னு. சர்ச் கொன்சோல் க்ளிக்கையும் அனலிடிக்ஸையும் பக்கம் பக்கமா ஒப்பிடுங்க, கொஞ்சம் வித்தியாசம் எப்பவும் இருக்கும், ஒண்ணுல நூறு இன்னொண்ணுல சைபர்னா அது வித்தியாசம் இல்ல. வேர்ட்பிரஸ்னா செட்டிங்ஸ்ல ரீடிங் பக்கத்துல சர்ச் எஞ்சின்கள தடுக்கிற பெட்டி ஒண்ணு இருக்கு, புது சைட் கட்டும்போது டிக் போட்டு வச்சிட்டு எடுக்காம போறவங்க நிறைய, அதையும் பாருங்க. யாராவது சைட்ட மாத்தி தர்றேன்னு வந்தா, வேலை தொடங்குறதுக்கு முன்ன பழைய அட்ரஸ் ஒரு பக்கம் புது அட்ரஸ் ஒரு பக்கம்னு ஷீட் கேளுங்க, 301ல தான் போடுவோம், அத குறைஞ்சது ஒரு வருஷம் எடுக்க மாட்டோம்னு எழுதி வாங்குங்க, ஒரு வருஷம்ங்கிறது கூகுளே சொல்ற கணக்கு. முதலாவது இடம் கேரண்டின்னு சொல்றவன்கிட்ட பேச்ச அங்கயே நிப்பாட்டுங்க, அப்படி யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுள் வெளிப்படையா சொல்லியிருக்கு.

இப்படி மாட்டியிருந்தா எதையும் அழிக்கிறதுக்கு முன்ன அந்த எச்டிஅக்சஸ் ஃபைல தேதியோட கொப்பி எடுங்க, ஃபோன்ல லிங்க் திரும்புறத வீடியோவா எடுங்க, கொட்டேஷன், பேங்க் ஸ்லிப், வாட்ஸ்அப் பேச்சு எல்லாத்தையும் வைங்க. 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம்னு ஒண்ணு நாட்டுல இருக்கு, லோயர்கிட்ட அத சொல்லி கேளுங்க.

எங்க பக்கங்கள் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப ஏறுது, தமிழ் கட்டுரைகள் தான் இன்னும் பின்னால நிக்குது. எல்ல அக்கா மாதிரி டொமைனே அவங்க பேர்ல மாட்டிக்கிட்டவங்க யாராவது இருந்தா கீழ சொல்லுங்க, எத்தனை பேர்னு தெரிஞ்சா சேர்ந்து ஒரே முறைப்பாடா குடுக்கலாம்னு லோயர் சொல்லியிருக்காரு.