புருவ நடுவில் நச்சூசி, கன்னத்தில் ஜெல்: ஏழு ஆண்டு அனுபவம்

முகக் கோடுகளுக்குப் போடாக்ஸ் என்ற நச்சூசி போட்டுக்கொள்வதா, பள்ளத்தை நிரப்பும் ஃபில்லர் என்ற ஜெல் போட்டுக்கொள்வதா என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் முகத்தில் எந்தக் கோடு உறுத்துகிறது என்று திருப்பிக் கேட்பதே என் வழக்கம். 44-ஆம் வயதில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்ட எனக்கு இப்போது 51 வயது. இந்த ஏழு ஆண்டுகளில் இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டிலும் ஒவ்வொரு முறை அடிபட்டும் இருக்கிறேன்.

என்னை மருத்துவரிடம் அனுப்பியவை புருவங்களுக்கு நடுவே விழுந்த இரண்டு செங்குத்துக் கோடுகள். அமைதியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால்கூட, ‘என்ன கோபம்?’ என்று வீட்டில் கேட்பார்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்பும் அப்போது ஆழமாகத் தொடங்கியிருந்ததால், எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி போதும் என்ற எண்ணத்துடன்தான் போனேன். தோல் மருத்துவர் ஒரு கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, “கோபப்படுங்கள், பார்க்கலாம்” என்றார். புருவத்தை நெறித்தேன். “இப்போது ஒன்றையும் நினைக்காமல் முகத்தைத் தளரவிடுங்கள்” என்றார். புருவ நடுவில் இருந்த கோடுகள் பெரும்பாலும் மறைந்து, மயிரிழை போன்ற தடம் மட்டும் எஞ்சியது. வாயோர மடிப்போ இருந்தபடியே இருந்தது. முன்னது தசை இழுப்பதால் விழும் கோடு, பின்னது கன்னத்தின் கொழுப்பும் எலும்பும் வயதோடு குறைந்து, தோல் சரிவதால் விழும் பள்ளம் என்று அவர் விளக்கினார். தசைக்கு நச்சூசி, பள்ளத்துக்கு ஜெல். அந்தக் கண்ணாடிச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இன்றும் நான் எதையாவது செய்துகொள்ள நினைக்கும்போது வீட்டிலேயே அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

போடாக்ஸ் என்பது ஒரு வணிகப் பெயர். உள்ளிருக்கும் பொருள் ஒரு பாக்டீரியா சுரக்கும் போட்டுலினம் நச்சு. தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை நரம்பு முனை வெளிவிடாதபடி அது தடுக்கிறது. அழகுக்காக இது மருத்துவத்துக்குள் வரவில்லை. மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்கும் பயன்படுத்தத்தான் 1989-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுவில் சுருக்கமும் மறைவதைக் கனடாவைச் சேர்ந்த கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸும், தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்டேரும் கவனித்து, 1992-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். புருவ நடுக் கோடுகளுக்கான அமெரிக்க ஒப்புதல் 2002-இல்தான் வந்தது.

எனக்குப் போட்டது 20 யூனிட், ஐந்து இடங்களில். ஊசி மெல்லியது, வலி எறும்புக்கடி அளவுதான். ஆனால், ஊசி தசைக்குள் இறங்கும்போது நொறுங்குவது போல ஒரு மெல்லிய ஓசை தலைக்குள் கேட்டதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அன்று நான்கு மணி நேரம் படுக்கக்கூடாது, முகத்தைத் தேய்க்கக்கூடாது என்றார்கள். மூன்று நாள் எந்த மாற்றமும் தெரியாமல் ஏமாந்ததாகவே நினைத்தேன். ஐந்தாம் நாள் காலை பல் துலக்கும்போது வழக்கம்போல் புருவத்தை நெறிக்க முயன்றேன்; நெறியவில்லை. முழுப் பலன் இரண்டு வாரத்தில் தெரிந்தது. நான்காவது மாதத்தில் தசை மெல்ல விழித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஆண்டுக்கு மூன்று முறை என்ற கணக்கில் போய்வந்தேன். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் மற்றொரு நிறுவனத்தின் யூனிட்டும் ஒன்றல்ல என்பதால், மருந்தின் பெயரையும் அளவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு.

மூன்றாம் முறை, நேரம் ஒத்துவந்தது என்பதற்காக வேறோர் இடத்தில் போட்டுக்கொண்டேன். ஆறாம் நாள் இடக்கண் இமை பாதி இறங்கிவிட்டது. நச்சு சற்றே கீழே பரவி, இமையைத் தூக்கும் தசையைத் தொட்டிருக்கிறது. எவ்வளவு போட்டார்கள் என்று என் பழைய மருத்துவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இமையை ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தும் கண் சொட்டு மருந்து ஒன்றை அவர் எழுதிக்கொடுத்தார். அதைத் தாண்டிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. தசைக்குள் இறங்கி வேலையைத் தொடங்கிவிட்ட நச்சை எந்த மருந்தாலும் திரும்ப எடுக்க முடியாது; அதுவாக வலுவிழக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து வாரம் காத்திருந்தேன். தூக்கமில்லையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆமாம் என்றே சொல்லிவைத்தேன்.

ஃபில்லருக்கு வந்தது மூன்றாம் ஆண்டில். இன்று பெரும்பாலும் பயன்படுவது ஹயலுரானிக் அமில ஜெல். நம் தோலிலேயே இயல்பாக உள்ள பொருள்தான் என்றாலும், அப்படியே செலுத்தினால் உடல் சில நாட்களில் கரைத்துவிடும் என்பதால் அதன் இழைகளைப் பின்னிக் கெட்டியாக்கி ஊசியில் அடைக்கிறார்கள். ஒரு சிரிஞ்சில் இருப்பது ஒரு மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. முகமே உப்பிவிடும் என்று பயந்திருந்த எனக்கு இந்தக் கணக்கு பெரிய ஆறுதல். வாயோர மடிப்பில் நேராக நிரப்பாமல், இறங்கிய கன்னத்தை மேலே எலும்பின் மீது சற்றுத் தாங்கிவிட்டால் மடிப்பு தானே தளரும் என்று சொல்லி, பக்கத்துக்கு ஒரு சிரிஞ்சாகக் கன்னத்தில் போட்டார்கள். ஜெல்லில் மரத்துப்போகும் மருந்து கலந்திருந்தும், அது உள்ளே போகும் அழுத்தத்தை நன்றாகவே உணர்ந்தேன். எழுந்தவுடனே மாற்றம் தெரிந்தது. ஆனால் அதில் பாதி வீக்கம். உண்மையான முகம் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, ஓராண்டுக்கு மேல் நிலைத்தது. ஒன்றரை ஆண்டுக்கொரு முறை என்பதால், அலைச்சலைப் பொறுத்தவரை நச்சூசியைவிட இதுவே எனக்கு எளிது.

அந்த மகிழ்ச்சியில் கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் நிரப்பச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். அங்கே தோல் மெலிது. சற்று மேலாகத் தங்கிவிட்ட ஜெல்லில் ஒளி சிதறி, கண்ணடியில் வெளிர்நீலப் பட்டை ஒன்று தெரியத் தொடங்கியது. டிண்டால் விளைவு என்கிறார்கள். காலையில் எழுந்தால் வீக்கம் வேறு. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டுக்கொண்டேன். இரண்டு நாளில் ஜெல் கரைந்து, பழைய பள்ளமே திரும்பியது. அதைப் பார்த்து அவ்வளவு நிம்மதி அடைவேன் என்று நினைத்ததே இல்லை.

தவறினால் நச்சூசியில் காத்திருக்க வேண்டும், ஜெல்லைக் கரைத்துவிடலாம் என்று பார்த்தால், ஃபில்லரே பாதுகாப்பானது என்று தோன்றும். எனக்கும் சில காலம் அப்படித்தான் தோன்றியது. புருவ நடுவில் எஞ்சியிருந்த மயிரிழைத் தடம் எத்தனை முறை நச்சூசி போட்டும் முழுதாகப் போகவில்லை. அங்கே ஒரு துளி ஜெல் வையுங்கள் என்று கேட்டேன். மருத்துவர் ஒரேயடியாக மறுத்தார். அவ்விடத்து ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் தமனியின் கிளைகள். ஊசிமுனை தெரியாமல் ஒன்றுக்குள் நுழைந்து, அழுத்தத்தில் ஜெல் பின்னோக்கித் தள்ளப்பட்டால், விழித்திரைக்குப் போகும் ரத்தம் நின்று பார்வையே போய்விடலாம். அப்படிப் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. அரிதுதான், ஆனால் முகத்தில் அந்த ஆபத்து மிகுந்த இடங்கள் புருவ நடுவும் மூக்கும்தான். கன்னத்தில் போடும்போதுகூட, தோல் திடீரென வெளுப்பதோ, வலைபோல் நீலம் பாய்வதோ, கடுமையாக வலிப்பதோ கண்டால் எந்த நேரமானாலும் அழைக்கச் சொல்லியிருந்தார். கரைக்கும் நொதியும் அறையிலேயே தயாராக இருந்தது. அது கைவசம் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்வதை நான் எண்ணிக்கூடப் பார்க்க மாட்டேன்.

கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் இரண்டையும் தள்ளிப்போட வேண்டும். தசைச் சோர்வு நோய் உள்ளவர்களுக்கு நச்சூசி ஆகாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஊசி பட்ட இடம் எளிதில் கன்றிவிடும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

இப்போது நச்சூசியை ஆண்டுக்கு இரண்டாகக் குறைத்திருக்கிறேன். நடுவில் ஓரிரு மாதம் புருவம் நெறியத்தான் செய்கிறது. வீட்டில் அந்தப் பழைய கேள்வியும் எழுகிறது. கன்னத்து ஜெல்லை இதுவரை இரண்டு முறை புதுப்பித்திருக்கிறேன். கடைசி முறை பக்கத்துக்கு அரைச் சிரிஞ்சே போதுமானதாக இருந்தது. கண்ணடிப் பள்ளத்தையும் புருவ நடுவில் உள்ள அந்த மயிரிழைத் தடத்தையும் அப்படியே விட்டுவிட்டேன்.