பழைய சர்வருக்கு ‘லாக் க்ளீன்’ ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

பயன்படுத்திய ரேக் சர்வர் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு. ஏமாற்று நடக்கும் விதம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். விற்பவர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவார். கறுப்புத் திரை, ‘ஐபிஎம்ஐடூல் செல் லிஸ்ட்’ என்ற கட்டளை, அதன் கீழே ‘எஸ்இஎல் ஹேஸ் நோ என்ட்ரீஸ்’ என்று ஒற்றை வரி. ஐபிஎம்ஐடூல் என்பது சர்வரின் வன்பொருள் நிலையைக் கேட்டுச் சொல்லும் கருவி; செல் அல்லது எஸ்இஎல் என்பது வன்பொருள் கோளாறுகள் பதிவாகும் லாக். அதில் பதிவே இல்லை என்கிறது அந்த வரி. நோய்நொடியே வராத மெஷின் போலத் தெரியும். பணம் கைமாறும், சர்வர் வந்து சேரும், சும்மா இருக்கும்வரை ஒழுங்காக ஓடும். முழு லோடு ஏற்றிய சில நாட்களில் தானாக ரீபூட் ஆகும், லாக்கில் ‘அன்கரெக்டபிள் ஈசிசி’ (திருத்த முடியாத ரேம் பிழை) வந்து உட்காரும். திருப்பிக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “நாங்க அனுப்பும்போது லாக் க்ளீன் சார், நீங்க ரேமைக் கழட்டி மாட்டினீங்களா?”

அந்த ஸ்க்ரீன்ஷாட் உண்மையானதுதான். படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் லாக்கை அழிக்கும் ‘செல் க்ளியர்’ கட்டளையைக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவே. மதர்போர்டில் உள்ள பிஎம்சி, அதாவது சர்வரைத் தனியாகக் கண்காணிக்கும் சிப்தான் இந்த லாக்கைத் தன்னிடம் வைத்திருக்கிறது. டிஸ்க்கை மாற்றினாலும் ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றினாலும் அது அழியாது. அதனால்தான் மெனக்கெட்டு அதைத் தனியாக அழிக்கிறார்கள்.

எனவே ‘செல் லிஸ்ட்’ படம் வேண்டாம், ‘ஐபிஎம்ஐடூல் செல் இன்ஃபோ’ வெளியீட்டைக் கேளுங்கள். அதில் எத்தனை பதிவுகள், எவ்வளவு இடம் மிச்சம் என்பதோடு ‘லாஸ்ட் ஆட் டைம்’, ‘லாஸ்ட் டெல் டைம்’ என்று இரண்டு வரிகள் வரும். இரண்டாவது வரி கடைசியாக எப்போது அழித்தார்கள் என்பதைக் காட்டும். அது விளம்பரம் போட்ட நாளுக்குப் பக்கத்தில் இருந்தால், அதற்கு முந்தைய கதை எதுவும் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. கூடவே ‘செல் டைம் கெட்’டும் ஓட்டச் சொல்லுங்கள். பிஎம்சியின் கடிகாரம் தப்பாக இருந்தால் மேலே சொன்ன தேதிகளுக்கு அர்த்தமே இல்லை. தேதிக்குப் பதில் ‘நாட் அவெய்லபிள்’ என்று வந்தால் அதைவைத்து இரண்டு பக்கமும் முடிவு கட்ட முடியாது.

பல பிஎம்சிகள் அழித்த உடனே தாங்களே ஒரு பதிவு போட்டுக்கொள்ளும்: ‘ஈவென்ட் லாகிங் டிஸேபிள்டு, லாக் ஏரியா ரீசெட் ஸ்லாஷ் க்ளியர்டு, அஸ்ஸெர்ட்டட்’. முதல் எண் பதிவே இதுவாகத்தான் இருக்கும். ஸ்க்ரீன்ஷாட்டின் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் இந்த வரியை மறைக்கத்தான். அழித்ததை வைத்தே ஆளைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. பழுதான பாகத்தை மாற்றிவிட்டு லாக்கை அழிப்பது டெக்னீஷியன்களின் வழக்கம். ஆனால் அப்படிச் செய்தவருக்கு எதை மாற்றினோம் என்று தெரிந்திருக்கும். கேட்டதும் ஸ்லாட் பெயரோடு பதில் வரவேண்டும்.

டெல் சர்வர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. டெல்லின் சொந்தக் கருவியான ரேக்அட்மில் ‘ரேக்அட்ம் கெட்செல்’ காட்டுவது அழிக்கக்கூடிய அதே லாக்தான். ‘ரேக்அட்ம் எல்சிலாக் வியூ’ காட்டும் லைஃப்சைக்கிள் லாக் வேறு. எஸ்இஎல்லை அழித்தாலும் அது போகாது. அதை அழிக்க சிஸ்டம் இரேஸ் என்ற தனி வேலை செய்யவேண்டும். இரண்டுமே காலி என்றால் பேரம் பேசுவதையே நிறுத்திவிடலாம்.

லைவ் யூஎஸ்பி, அதாவது யூஎஸ்பியிலிருந்தே லினக்ஸை ஓட்டிக்காட்டும் வித்தையும் ஒன்று இருக்கிறது. கெர்னல் லாக்கைக் காட்டும் ‘டிமெஸ்ஜி’யிலும் ‘ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே’யிலும் எரர் ஒன்றும் இல்லை பாருங்கள் என்பார்கள். யூஎஸ்பியில் பூட் செய்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அதில் என்ன இருக்கும்? அந்த லாக்குக்கு நேற்று என்பதே கிடையாது.

டிஸ்க்கும் சேர்ந்து வந்தால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் எக்ஸ்’ ஓட்டுங்கள். மெகாரெய்டு வகை ரெய்டு கார்டுக்குப் (பல டிஸ்க்குகளை ஒன்றாக நிர்வகிக்கும் கார்டு) பின்னால் இருக்கும் டிஸ்க்குகளுக்கு ‘மைனஸ் டி மெகாரெய்டு’ போட்டு, கமாவுக்குப் பின் டிஸ்க் எண்ணையும் தரவேண்டும். ‘பவர் ஆன் அவர்ஸ்’ மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அதைப் பூஜ்யத்துக்கு மாற்றி விற்கிறார்கள். கீழே செல்ஃப் டெஸ்ட் லாக்கில் ‘லைஃப்டைம்’ என்ற பத்தி இருக்கும். மேலே 40 மணி நேரம் என்றும், கீழே 31,000ஆவது மணியில் ஒரு டெஸ்ட் ஓடியதாகவும் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பல சீகேட் டிஸ்க்குகளில் ஓடிய நேரத்தைத் தனியாகக் குறித்துவைக்கும் ஃபார்ம் என்ற பதிவும் உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் (ஸ்மார்ட்சிடிஎல் வரும் தொகுப்பு) 7.4 முதல் ‘மைனஸ் எல் ஃபார்ம்’ அதைப் படித்துக் காட்டும்.

சர்வர் கைக்கு வந்ததும் முதல் வேலை, வந்த நிலையில் லாக்கை அப்படியே பத்திரப்படுத்துவது. லினக்ஸில் ‘டிவைஸைத் திறக்க முடியவில்லை’ என்று ஐபிஎம்ஐடூல் சொன்னால் ‘ஐபிஎம்ஐ எஸ்ஐ’, ‘ஐபிஎம்ஐ டெவ்இன்ட்ஃப்’ ஆகிய இரண்டு கெர்னல் மாட்யூல்களையும் ‘மாட்ப்ரோப்’ கட்டளையால் ஏற்றவேண்டும், ரூட் அனுமதியும் வேண்டும். பிறகு ‘செல் ரைட்ரா’ கொடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொரு பதிவும் 16 பைட்தான், கோப்பு மிகச் சிறியதாகவே இருக்கும். படிப்பதற்கு ‘செல் லிஸ்ட்’டைவிட ‘செல் இலிஸ்ட்’ நல்லது, அது சென்சார் எண்ணுக்குப் பதில் பெயரைக் காட்டும். எந்த ரேம் என்று அதிலும் தெரியாவிட்டால் ‘செல் கெட்’டோடு அந்தப் பதிவின் எண்ணைக் கொடுங்கள். ‘ஈவென்ட் டேட்டா’ வரியில் வரும் மூன்று பைட்டில் கடைசியைப் பல தயாரிப்பாளர்கள் ரேம் ஸ்லாட்டைக் குறிக்கப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்து, வன்பொருள் பிழைகளை எண்ணும் ராஸ்டீமனை நிறுவி ஓடவிட்ட பிறகு, சுமை ஏற்றும் கருவியான ஸ்ட்ரெஸ் என்ஜியில் ரேம் முழுவதையும் குறைந்தது 24 மணி நேரம் வாட்டுங்கள். வரிசை முக்கியம்: ராஸ்டீமன் ஓடத் தொடங்குவதற்கு முன் நடந்தது அதன் கணக்கில் வராது. முடிந்ததும் ‘ராஸ் எம்சி சிடிஎல் மைனஸ் மைனஸ் சம்மரி’ பாருங்கள். பிஎம்சி பல மாடல்களில் கரெக்டபிள் ஈசிசி (தானாகத் திருத்தப்பட்ட ரேம் பிழை) ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே எழுதும், ராஸ்டீமன் அதற்கு முன்பே எண்ணத் தொடங்கிவிடும். சில சர்வர்களில் நேர்மாறாக பயாஸே பிழையை விழுங்கிவிட்டு எஸ்இஎல்லுக்கு மட்டும் சொல்லும். அதனால் இரண்டையும் பார்க்கவேண்டும்.

லாக் நிரம்பிக் கிடக்கும் சர்வரிலும் கவனம் தேவை. ‘செல் இன்ஃபோ’வின் ‘ஓவர்ஃப்ளோ’ வரியில் ‘ட்ரூ’ இருந்தால் இடம் தீர்ந்ததால் சில பதிவுகள் விழாமலே போயிருக்கின்றன. பல பிஎம்சிகள் பழையதை நீக்கிப் புதியதை எழுதாது, எழுதுவதையே நிறுத்திவிடும். 24 மணி நேர டெஸ்ட் முடிந்தும் லாக்கில் புதிதாக ஒன்றும் இல்லை என்று நிம்மதி அடையும் முன் இந்த ஒரு வரியைப் பாருங்கள். அப்படி இருந்தால் பழைய லாக்கைச் சேமித்துவிட்டு, அழித்துவிட்டு, டெஸ்டை மறுபடி ஓட்டவேண்டும்.

புகார் சொன்ன பிறகு விற்பவர் தரப்பிலிருந்து ஒரு யோசனை வரும்: “ஒரு தடவை செல் க்ளியர் பண்ணிப் பாருங்க, திரும்ப வருதான்னு பார்ப்போம்.” செய்தால் சர்வரிலேயே இருக்கும் சாட்சியை நீங்களே அழித்ததாகிவிடும். திரும்ப வர ஒரு மாதம்கூட ஆகலாம், டெஸ்டிங் வாரன்டியோ அதற்குள் முடிந்திருக்கும். ‘செல் இன்ஃபோ’, ‘செல் இலிஸ்ட்’ இரண்டின் முழு வெளியீட்டையும் சர்வரின் சீரியல் எண் வரும் ‘ஐபிஎம்ஐடூல் ஃப்ரூ ப்ரின்ட்’ வெளியீட்டோடு அனுப்புங்கள். பாகத்தை மாற்றித் தருவதாக எழுத்தில் வந்த பிறகு அழித்துக்கொள்ளலாம்.